காத்துமேட்டில் கோயில் நடந்த மூன்று ஞாயிறுகள்

காத்துமேட்டில் பெய்கிற மழை கிழக்கே வழிந்தால் துரைமார் சீமைக்கும் மேற்கே வழிந்தால் மகாராஜா சீமைக்கும் போய்விடும் என்பதால், அங்கே குடியிருந்த நாற்பத்தொரு குடும்பங்களும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட யோசித்துத்தான் கொட்டினார்கள் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் பெரும்பஞ்சம் முடிந்து ஏழாம் வருஷம், ஆடி மாதத்தில், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஊர்க் கோயில் மேற்குப் பக்கமாக நடந்தது என்பதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

அவர்கள் எல்லாரும் கீழே பனங்காட்டுப் பக்கத்திலிருந்து காப்பித்தோட்டம் போடுவதற்காக மலையேறி வந்தவர்கள். கஞ்சித்தொட்டியில் வரிசை நின்றபோது ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பாதிப்பேர், தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து பிறகு கஞ்சிக்கு வரிசை நின்றவர்கள் பாதிப்பேர். யார் எந்தப் பாதி என்பதைச் சண்டை வரும்போது மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். வந்த முதல் வருஷமே மண்சுவர் வைத்து, புல் வேய்ந்து, தென்மேற்கு மழைக்குப் பயந்து வாசலைக் கிழக்கே திறந்து, பிரசங்க பீடத்தை மேற்கே போட்டு ஒரு கோயில் கட்டினார்கள். குதிரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற மிஷன் பாதிரியான ஐயர் அதைப் பார்த்துவிட்டு, பீடம் கிழக்கே அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டாராம். ஆண்டவருக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், நனைகிறது நாங்கள்தானே என்று சபையார் பதில் சொன்னார்களாம்.

அந்தக் கோயிலுக்கு உபதேசியார் மாசிலாமணி. இருபத்தெட்டு வயது. பனையேறுகிற குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துப் படித்தவர் என்பதால், படித்ததில் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்துவிட்டால் மறுபடியும் பனையில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. மிஷனில் கொடுத்த விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவார். வேதாகமத்தில் சந்தேகம் வந்தால் ஜெபம் பண்ணுவார், விதிப்புத்தகத்தில் சந்தேகம் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் தோறும் கோயில் தரையைச் சாணம் போட்டு மெழுக வருகிறவள் பரிபூரணம். இருபத்தாறு வயது, பஞ்சத்தில் புருஷனைப் புதைத்தவள், அண்ணன் தானியேல் குடும்பத்தோடு மலைக்கு வந்து காப்பி நாற்றங்காலில் வேலை பார்த்தவள். அவள் மெழுகும்போது உபதேசியார் பீடத்தில் நின்று மறுநாள் பிரசங்கத்தை வாசித்துக் காட்டுவார். அவள் தலையைத் தூக்காமலே, இந்த இடத்தில் ஆண்கள் பக்கம் தூங்குவார்கள், இந்த இடத்தில் பெண்கள் பக்கமும் தூங்கிவிடும் என்று சொல்லுவாள். அவர் அந்த இடங்களை அடித்துவிடுவார். இப்படியே இரண்டு வருஷத்தில் காத்துமேட்டுப் பிரசங்கம் ஒன்றரை மணி நேரத்திலிருந்து கால் மணி நேரமாகக் குறைந்துவிட்டதால், சபையார் அந்த இருவர் மேலும் பெரும் மரியாதை வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் என்ன என்று ஊருக்கே தெரியும். உபதேசியாருக்கு மட்டும் அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தெரியாததால் வாயைத் திறக்காமல் இருந்தார்.

அப்படி இருக்கையில் கங்காணி எப்பிராயீம், இரண்டு மனைவிகளை அடக்கம் பண்ணி ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், பரிபூரணத்தைக் கேட்டார். அவளிடம் கேட்கவில்லை, தானியேலிடம் கேட்டார். யாருக்கு எந்த வரிசையில் வேலை, யாருக்கு எந்தக் குடிசை, யார் பெயர் பேரேட்டில் இருக்கும், யார் பெயர் அடிபடும் என்பதெல்லாம் கங்காணி நாக்கில் இருந்தபடியால், தானியேல் ஒரு பிடி வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் சரி என்றான். தங்கச்சி இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. மூன்றாம் நாள் தானியேல் அவளிடம், குடிசை போய்விட்டால் நாலு பிள்ளைகளோடு எங்கே இறங்குவேன் என்று கேட்டுவிட்டு அழுதான். அவள் பொங்கிப்போட்டாள்.

கங்காணி உபதேசியாரிடம் போய் ஓலை வாசிக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அடுத்தடுத்து மாப்பிள்ளை பெண் பெயரைக் கோயிலில் வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. கீழ்நாட்டில் எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் காத்துமேட்டுக் கோயிலில் அதுவரை ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. உபதேசியார் விதிப்புத்தகத்தைத் திறந்து, பக்கம் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்து, தன் அழகான கையெழுத்தில் இரண்டு பெயரையும் எழுதினார். பரிபூரணம் என்ற பெயரை எழுதும்போது மட்டும் மை இரண்டு தடவை கொட்டியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தார். இவ்வூரில் குடியிருக்கும் எப்பிராயீமுக்கும் இவ்வூரில் குடியிருக்கும் பரிபூரணத்துக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறபடியால், நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும், இது முதலாம் ஓலை. கங்காணி முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது கோயில், சுமைக்காரன் சுமையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றுவதுபோல ஒருதரம் அசைந்து எழுந்து, நிதானமாக மேற்கே நடந்து, பத்தொன்பது தப்படியில் உட்கார்ந்தது. உள்ளே யாரும் விழவில்லை. மருத்துவச்சி அன்னபாக்கியத்தின் மடியிலிருந்த சுருக்குப்பை மட்டும் கீழே சரிந்தது. உபதேசியார், அடுத்தது காணிக்கைப் பாட்டு என்று அறிவித்தார், எல்லாரும் எழுந்து பாடினார்கள்.

வெளியே வந்த பிறகுதான் சங்கடம். வாசலில் சாத்திவைத்த கம்புகளும், மழைக்குத் தலையில் போடுகிற சாக்குக் கொங்காணிகளும் பத்தொன்பது தப்படி பின்னால் நனைந்துகொண்டு கிடந்தன. கோயில் அன்னபாக்கியத்தின் மொச்சைப் பாத்தி மேல் உட்கார்ந்திருந்தது. மொச்சைக்கு யார் பதில் சொல்லுவது என்று அவள் கேட்டதற்கு, ஆண்டவரிடம் கேள் என்றான் ஒருவன். ஆண்டவருக்கு உட்கார வேறு இடமா கிடைக்கவில்லை, கங்காணியின் மிளகாய்த் தோட்டம் சும்மாதானே கிடக்கிறது என்று அவள் சொன்னது அந்த வாரம் முழுக்க ஊரில் சுற்றியது.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. மழைக்காலத்தில் மண் இளகும், இளகினால் எதுவும் நகரும் என்றார்கள் சிலர். புல் வேய்ந்தபோது கிழக்குப் பக்கம் கனமாகப் போட்டுவிட்டோம் என்றார்கள் சிலர். தேன் எடுக்க வருகிற பளியர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, உங்கள் சாமிக்கு இத்தனை வருஷம் கால் மரத்துப்போகவில்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். தோட்டத்துத் துரை பங்களா முற்றத்திலிருந்து தூரதர்சினியில் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்து, இதைச் சீமைக்கு எழுதினால் தன்னைத்தான் திரும்ப அழைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்து தூரதர்சினியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உபதேசியாருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடே ஐயருக்குக் கடிதம் எழுதி ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. கட்டடம் நகர்வதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, ஓலையைத் தொடர்ந்து வாசிக்கவும், நகர்ந்த கட்டடத்துக்குப் புதுக் கூரை கேட்டு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம் என்று அதில் இருந்தது.

ஆனால் ஊரில் பெண்கள் ஆற்றுக்கரையில் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உபதேசியார் கேள்வி கேட்டார், நாம் பதில் சொல்லவில்லை, அதனால்தான் கோயில் எழுந்து போய்விட்டது, கேட்டதற்குப் பதில் சொல்லாத வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றார்கள். ஆகையால் இரண்டாம் ஞாயிறு, தடை உண்டா என்று உபதேசியார் கேட்ட உடனே பாதி சபை எழுந்து நின்றது. கங்காணி தன் பூசணிக்காயைக் களவாடினார் என்றான் ஒருவன். கங்காணி மழையளவுக் குவளையில் விழுந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மழையே இல்லை என்று துரையை ஏமாற்றி எங்களை நனைய நனைய வேலை வாங்கினார் என்றான் இன்னொருவன். குறட்டை என்றாள் ஒருத்தி. நாலாவது குடிசைவரை கேட்கிறது, கட்டிக்கொள்கிறவள் கதி என்ன என்றாள். அன்னபாக்கியம் எழுந்து, இவர் இரண்டாவது மனைவி பிரசவத்தில் கிடந்தபோது என்னைக் கூப்பிட ஆள் அனுப்பாமல் காப்பி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கங்காணி ஒவ்வொரு முகத்தையும் திரும்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்.

உபதேசியார் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கம் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தார். அங்கே மூன்று தடைகள்தான் இருந்தன. முந்திய துணை உயிரோடிருப்பது, விலக்கப்பட்ட இரத்த உறவு, ஞானஸ்நானம் இல்லாமை. பூசணிக்காய் இல்லை. மழைக்குவளை இல்லை. குறட்டை இல்லை. பிரசவத்துக்கு ஆள் அனுப்பாததைத் தேடி அவர் அந்தப் பக்கத்தை நாலு தடவை வாசித்தார், அதுவும் இல்லை. ஏதாவது ஒன்று இருந்துவிடாதா என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டதை முன்வரிசைக்காரர்கள் கேட்டார்கள் என்கிறார்கள், இருந்தாலும் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. இவை தடை ஆகா என்றார். கடைசியாகப் பரிபூரணமே எழுந்தாள். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், இந்தக் கேள்வி சபைக்கு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்ல என்று சொல்லி உட்காரச் சொன்னார். அவர் அறிந்த மட்டில் வழக்கம் அப்படித்தான், சபையாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள். கோயில் எழுந்தது. இந்தமுறை நாற்பது தப்படி.

இப்போது பீடத்துக்குப் பின்சுவர் எல்லைக்கல்லை முட்டிக்கொண்டு நின்றது. கல்லுக்கு அந்தப்புறம் மகாராஜாவின் சுங்கச் சவுக்கை. அதில் தனியாகக் காவலிருந்த சுங்க அதிகாரி பிள்ளை ஓடிவந்து, தன் பட்டியலை விரித்துப் பார்த்தார். மிளகுக்கும் ஏலத்துக்கும் புகையிலைக்கும் வரி இருந்தது, கோயிலுக்கு இல்லை. வரட்டும், பேச ஆள் கிடைக்கும் என்று சந்தோஷமாகப் போய் வெந்நீர் போட்டார். கங்காணிக்கு மட்டும் சந்தோஷமில்லை. எல்லைக்கல்லோடு அவருடைய நாக்கின் அதிகாரம் முடிந்துவிடும். தவிர, கோயில் அந்தச் சீமைக்குப் போய்விட்டால் இந்தச் சீமையில் வாசித்த இரண்டு ஓலையும் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், மூன்று ஓலையும் ஒரே சீமையில் வாசிக்கவேண்டும் என்று பக்கம் நூற்றுப் பதினொன்றில் இருந்தது. மரம் இழுக்கிற யானையின் சங்கிலியை வாங்கிவந்து, வாசல் நிலையைச் சுற்றி, கிழக்கே நின்ற ஈட்டிமரத்து அடிக்கட்டையில் கட்டினார்.

சனிக்கிழமை பரிபூரணம் மெழுக வந்தாள். இரண்டு இடப்பெயர்ச்சியில் மொச்சைக்கொடி ஒன்று வேரோடு கூடவே வந்து பீடத்தின் காலில் சுற்றி ஏறியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மெழுகினாள். உபதேசியார் பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். எந்த இடத்தில் தூங்குவார்கள் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு மூணாவது ஓலை," என்றார் அவர்.

"தெரியும். எம்பேரத்தான வாசிக்கப்போறீரு."

"விதி அப்படி இருக்கு. என்னால வேற ஒண்ணும்..."

"நான் ஒம்மகிட்ட விதி கேக்கல, உபதேசியாரே. ரெண்டு வாரமா தடை உண்டா, தடை உண்டான்னு ஊரையெல்லாம் கேட்டீரு. ஒம்ம நீரே ஒரு தரம் கேட்டீரா?"

அவர் பிரசங்கத் தாளைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். பொய் சொல்லத் தெரியாது என்பதால் கடைசியில் உண்மையைச் சொன்னார். "கேட்டேன். எனக்குள்ள இருக்கிறது தடை ஆகாது. நூத்திப் பன்னெண்டுல மூணுதான் இருக்கு."

அவள் கையிலிருந்த சாணத்தைத் தரையில் அறைந்தாள். "அப்ப நீரு அந்த நூத்திப் பன்னெண்டையே கெட்டிக்கிடும்," என்றாள். பாதித் தரை மெழுகாமலே போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு நாற்பத்தொரு குடும்பத்திலிருந்தும் ஆட்கள் தப்பாமல் வந்தார்கள், பஞ்சத்துக்குப் பிறகு அத்தனை கூட்டம் அப்போதுதான். கங்காணி உள்ளே வரவில்லை. சங்கிலி மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். நின்றபடியே, பீடம் எந்தச் சீமையில் இருக்கிறது என்பதை முதலில் அளந்து சொல்லட்டும், பின்னால் ஓலை செல்லாது என்று யாரும் பேசக்கூடாது என்றார். உபதேசியார் கயிறு எடுத்து அளந்தார். ஒரு சாண் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தால் போதும், பீடம் மகாராஜா சீமைக்குப் போய்விடும். பெண்கள் வரிசையில் பாதிப்பேர் அவரைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினார்கள், அன்னபாக்கியம் தளர்த்து என்று வாயசைத்தே சொன்னாள். அவர் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு சாண் இந்தப்புறம் இருக்கிறது, ஓலை செல்லும் என்றார். இப்படியும் ஒரு மனுஷனா என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பீடத்தில் ஏறி வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். சொல்லவேண்டியதையெல்லாம் போன வாரமே சொல்லித் தீர்த்திருந்ததால் சபை பேசாமல் இருந்தது. பரிபூரணம் எழுந்தாள். தானியேல் எட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் முந்தானையை அவன் கையிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு அவரு வேண்டாம்," என்றாள். "இதுதான் எனக்குத் தெரிஞ்ச தடை. எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாத்துச் சொல்லும்."

உபதேசியார் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தார். இல்லை. அவளை உட்காரச் சொல்லுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் செய்த காரியம் சின்னதுதான், தாளைப் புரட்டினார். அதுவரை அவர் ஓலை வாசிக்கிற பக்கத்தைத் தாண்டிப் போனதில்லை, கல்யாணம் நடத்துவது ஐயர் வேலை என்பதால் போகவேண்டிய தேவையும் வந்ததில்லை. பக்கம் நூற்றுப் பதினாலில் ஒரு கேள்வி இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தார். "பெண்ணைப் பார்த்து, இந்த மனுஷனை உனக்குப் புருஷனாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று கேட்கவேண்டும். அவள் சம்மதம் என்று சொல்லாவிட்டால் விவாகம் இல்லை." அதை வாசித்துவிட்டுத் தானே ஒருதரம் மனசுக்குள் வாசித்தார், கண் கலங்கிவிட்டது.

அது கல்யாணத்தன்று கேட்கிற கேள்வி, இன்றைக்கு எப்படிச் செல்லும் என்று வாசலிலிருந்து கங்காணி அதட்டினார்.

"அன்னிக்கு இல்லேன்னு சொன்னா ஆக்கிவச்ச சோத்த யாரு திங்கது?" என்றாள் அன்னபாக்கியம். "முந்தியே சொல்லிட்டா. புத்தியுள்ள புள்ள."

உபதேசியார் புத்தகத்தை மூடினார். பீடத்தில் நிற்கும்போது எப்போதும் எழுத்துத் தமிழிலேயே பேசுவார், அன்றும் அப்படியே பேசினார். "இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. நான் வாசித்த மூன்று ஓலையிலும் எனக்கே விருப்பமில்லை. இது எந்தப் பக்கத்திலும் இல்லாதபடியால் சபையார் இதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

அதைச் சொல்லி முடிக்குமுன் கோயில் எழுந்தது. ஈட்டிமரத்து அடிக்கட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு, தாய்ப்பசுவுக்குப் பின்னால் கன்று போவதுபோலச் சங்கிலியில் தொடர்ந்தது. கங்காணி காலை எடுத்த எடுப்பில் சேற்றில் உட்கார்ந்தார். கோயில் எல்லைக்கல்லைக் காலில் குத்தாமல் தாண்டி, சவுக்கையைச் சுற்றிக்கொண்டு, மேற்கே தண்ணீர் வழிகிற சரிவில் நூறு தப்படி இறங்கி, சமமான ஓரிடம் பார்த்து உட்கார்ந்தது. வழி நெடுகச் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள், எந்தப் பாட்டு என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இருக்கிறது.

கங்காணி எல்லைக்கல் வரை வந்து நின்றார். அதற்கு மேல் வரவில்லை. உச்சிப்பொழுதுக்குள் திரும்பாதவர்களுக்குக் குடிசையும் இல்லை, பேரேட்டில் பெயரும் இல்லை என்று அங்கிருந்தே சொன்னார். அது வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பதினேழு குடும்பங்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடுப்பும் பிள்ளைகளும் அங்கே இருந்தன. தானியேல் கல்லுக்கு இந்தப்புறம் ஒரு கால், அந்தப்புறம் ஒரு கால் வைத்து வெகுநேரம் நின்றான். பிறகு ஓடிப்போய்ப் பானைகளையும் நாலு பிள்ளைகளையும் பெண்டாட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பிவந்து, தங்கச்சி முகத்தைப் பாராமல், அடுப்புக்குக் கல் பொறுக்கப் போனான். மீதிப்பேர் அன்றைக்கே மூங்கில் வெட்டினார்கள். சவுக்கைப் பிள்ளை தன் ஒரே கோடரியைக் கொடுத்தார். மகாராஜா சீமையில் காடு சும்மாதான் கிடந்தது, வேலை கொடுக்க ஒருவருமில்லை, சோற்றுக்கு என்ன வழி என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு உபதேசியாருக்கும் பரிபூரணத்துக்கும் ஓலை வாசிக்க வேண்டியதாயிற்று. அதில்தான் உபதேசியாருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. தன் ஓலையைத் தானே வாசிக்கக்கூடாது என்று விதி இருந்தது, அங்கே இருந்தவர்களில் அவரைத் தவிர எழுத்துத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஐயர் வரட்டும், மூன்று மாதம் பொறுப்போம் என்று அவர் பீடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரிபூரணம் எழுந்து, பெண்கள் வரிசையைத் தாண்டி, பீடத்தருகே வந்து, சற்று நகரும் என்று அவரைக் கையால் விலக்கிவிட்டு நின்றாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மூன்று வாரம் தன் பெயரை இன்னொருவன் பெயரோடு சேர்த்து வாசிக்கக் கேட்டவளுக்கு அது மறந்துவிடுமா.

இவ்வூரில் குடியிருக்கும் மாசிலாமணிக்கும் இவ்வூரில் குடியிருக்கும் பரிபூரணத்துக்கும் என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல், உபதேசியார் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று முடித்து, இது முதலாம் ஓலை என்றாள். பிறகு சபையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, உபதேசியாரின் பிரசங்கம் இப்போது ரொம்பவும் சின்னதாகிவிட்டது, கல்யாணம் ஆனால் இன்னும் சுருங்கிவிடும், தூங்கவே நேரம் இருக்காது என்று முறையிட்டார்.

"அது தடை இல்ல, மாமா. உக்காரும்," என்றாள்.

உபதேசியார் அருகில் நின்று மெதுவாக, இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அதற்குள் கோயில் வேறு சீமைக்குப் போய்விட்டால் இந்த ஓலையும் செல்லாது என்றார்.

"போகட்டும்," என்றாள் அவள். "போற எடத்துக்கெல்லாம் கூடவே நடந்துவந்து நான் முதல்லருந்து சொல்லுதேன். ஒமக்கு நடக்க முடியுமான்னு மட்டும் சொல்லும்."